முதல் வணக்கம் பானெட்டுக்கு

நான் வேலையை விட்ட அன்று நீங்கள் கேக் வாங்கி வைத்திருந்தீர்கள். கேக்கின் மேல் சிவப்பு க்ரீமில் ஒரு கார் வரைந்திருந்தது. கத்தியை எடுப்பதற்கு முன் நான் அந்தக் காரின் முன்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தீர்கள். நான் வேடிக்கைக்காகச் செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது. "பயப்படாதீங்க அக்கா, இது கோல்ட் ஸ்டார்ட்தான். பிரிஜ்லேர்ந்து இப்பதான் எடுத்தோம்" என்றாள் ஷர்மினி. புறங்கையில் ஒட்டிய க்ரீமைத் துடைக்கத் துணி தேடியது வரை நினைவிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் அன்றே கேட்டீர்கள்: "சின்ன பெட்ரோல் இன்ஜின் நல்லதா கெட்டதான்னு பாக்குறதப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்க அக்கா." எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது உங்கள் டேப்லட்டில் கட்டம் கட்டமாக இருக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்களுக்காகப் போய்ப் பார்த்துச் சொல்லும் நம் நிறுவனம், அதை டிக் பண்ணத் தெரியாதவரை வேலைக்கு எடுக்காது. நான் எழுதப்போவது முதல் கட்டத்தைப் பற்றி மட்டும். 'இன்ஜின்: குளிர்ச்சி அல்லது சூடு. சூடு என்றால், காரணம்.'

அந்தக் 'காரணம்' என்ற இடத்தில் நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன். இரண்டாவது முறை விழுந்தபோது காருக்குள் என் மகள் இருந்தாள். மூன்றாவது முறையும் ஒன்று உண்டு. அதை ஷர்மினி உங்களிடம் நடித்துக் காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது என் மரியாதைக்கு நல்லது.

முதலாவது அம்பாங்கில். நான் இந்த வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். அதற்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டறையின் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின், இந்தப் பக்கம் நான். கேட்டுக் கேட்டே நோய் சொல்லப் பழகியவள். அதனால் எனக்கு என் காதின் மேல் கொஞ்சம் கர்வம். பெண்பிள்ளை வந்து காரைப் பார்ப்பதை விற்பவர்கள் அப்போது நம்பமாட்டார்கள். "அக்கா, பாக்க வர்றவரு எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். "அவரு வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கார் கதவைத் திறப்பேன்.

அம்பாங்காரர் அப்படிக் கேட்கவில்லை. நான் கேட்டில் நுழையும்போதே நாற்காலி போட்டு, தே தாரிக் கலந்து, "உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் அக்கா, கண்ண மூடிட்டுக் கேட்டாலே சொல்லிருவீங்களாமே" என்றார். யாரிடம் கேள்விப்பட்டார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெள்ளை நிறத்தில் ஒரு லிட்டர் கார். பானெட் சூடாக இருந்தது.

"போர்ச்லேர்ந்து வெளிய எடுத்து வச்சேன். உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு."

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பூனை தூங்குவதுபோல் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'உரிமையாளர் எனக்கு உதவினார்' என்று எழுதினேன். இன்றைக்கும் நினைத்தால் அந்தத் தேநீர் கசக்கிறது. போர்ச்சிலிருந்து பத்தடி நகர்த்திய காருக்கு அவ்வளவு சூடு ஏறாது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் அந்தக் கார் நம் அலுவலக வாசலுக்கு இழுவை லோரியின் முதுகில் ஏறி வந்தது. வாங்கியவர் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. அவர் சத்தம் போடவில்லை. "அக்கா, நீங்க ஓகே லான்னு சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

லோரியை ஓட்டி வந்தவர்தான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார் என்று சொன்னால் அவரே சிரிப்பார். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் அவர் லோரி அண்ணன். என்னைவிட ஒரு வயது சின்னவராகக்கூட இருக்கலாம். நான் அண்ணே என்பேன், அவர் என்னை டாக்டரம்மா என்பார். இரண்டுமே கேலிதான்.

அன்று காரை இறக்கிவிட்டுக் கையுறையைக் கழற்றியபடி கேட்டார்: "டாக்டரம்மா, உங்க பேஷண்ட் வந்திருக்கு. காலையில எந்திரிச்சப்ப பாத்தீங்களா, மேக்கப் போட்டப்புறம் பாத்தீங்களா?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"மனுஷன எப்பப் பாக்கணும்? தூங்கி எந்திரிச்ச ஒடனே பாக்கணும். காப்பி குடிச்சப்புறம் எல்லாரும் நல்லவங்கதான் லா."

நாம் கோல்ட் ஸ்டார்ட் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை. ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில் எண்ணெய் கீழே இறங்கிவிடும். காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பும்போது அது மேலே ஏற இரண்டு மூன்று விநாடி ஆகும். உள்ளே தேய்ந்த டைமிங் செயின் அந்த இரண்டு மூன்று விநாடிக்குத்தான் கடகடக்கும். உள்ளே கசிந்த எண்ணெய் அந்த முதல் மூச்சில்தான் நீலப் புகையாக வெளியே வரும். அதற்குப் பிறகு இன்ஜின் முகம் கழுவிக்கொண்டு விடும். அப்புறம் நீங்கள் காதை வைத்தாலும் மூக்கை வைத்தாலும் ஒன்றும் சொல்லாது.

அன்றிலிருந்து விற்பவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன் நான் பானெட்டுக்குப் போனேன். புறங்கையை வைப்பேன். சூடாக இருந்தால், "நாளைக்கு வரேன், நீங்க தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு ஆன்டி, "காய்ச்சல் பாக்க வந்தியா, கார் பாக்க வந்தியா?" என்று கேட்டார். ரவாங்கில் ஒருவர் நான் வருகிறேன் என்று தெரிந்து பானெட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குளிர்வித்து வைத்திருந்தார். "காலையில நல்ல மழை அக்கா." அந்த வரிசையில் ஏழு வீடு, ஏழு கார். அவருடைய கார் மேல் மட்டும் மழை பெய்திருந்தது. நான் குனிந்து புகைக் குழாயைத் தொட்டேன். விரலைச் சுட்டது. "ஒங்க மழைக்குக் கண்ணு தெரியுது அங்கிள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் சிரித்துவிட்டார், பாவம்.

இப்படிப்பட்டவர்களிடம் நான் அதற்குப் பிறகு ஏமாறவில்லை. நீங்களும் ஏமாறமாட்டீர்கள். இரண்டு மாதம் வேலை பார்த்தால் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். நான் இரண்டாவது தடவை விழுந்தது ஒரு நல்ல மனிதரின் வீட்டில்.

என் மகள் வீணாவுக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீடு கிள்ளானில். ரயிலில் போய், மாறி, மறுபடி ஏறி, இறங்கி நடந்து, அவள் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேலை பார்த்த களைப்பு வந்துவிடும். "அம்மா, ரயில்ல எனக்குத் தனியா ஒரு சீட்டும் ஒரு பீரோவும் குடுத்துரலாம்" என்பாள். நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெரியவர் தன் சின்னக் காரை விற்கிறார் என்று என் கணவருக்குத் தெரிந்தவர் சொன்னார். பன்னிரண்டு வருடம் ஒரே கை. வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடும். வீட்டிலேயே கார் டாக்டர் இருக்கும்போது வேறு என்ன யோசனை?

எங்கள் வீட்டில் நல்ல நேரத்துக்கு ஒரு தனி அமைச்சர் உண்டு; என் கணவர். அடுப்படிக் காலண்டரைக் கிழிக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். அவர் சொன்னார்: "சனிக்கிழமை ஒம்போது மணிக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள சாவி கை மாறணும்."

"அப்படின்னா ஞாயித்துக்கிழமை போவோம்."

"அன்னிக்கு அஷ்டமி."

எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கேட்டைத் திறந்தவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "வாங்கோ பிள்ளை, வாங்கோ. இருந்து கதைப்பம்" என்றார். அவர் மனைவி தட்டில் வடையும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்து வைத்தார். கார் போர்ச்சில் நின்றது. பானெட்டின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை.

நான் பழக்கப்படி அவரிடம் போவதற்கு முன் பானெட்டிடம் போனேன். கையை வைத்தேன். சூடு.

பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "பன்னிரண்டு வருசம் எங்களைச் சுமந்தது. சும்மா கார்த் திறப்பைக் கையில நீட்டிவிட மனம் வரேல்லை. காலமை கோயிலுக்குக் கொண்டுபோய், அர்ச்சனை செய்து, சுத்திக் கும்பிட்டுப்போட்டு இப்பதான் வந்தனாங்கள். ஓட்டப்போறது பொம்பிளைப் பிள்ளை எண்டு சொன்னவை. அதுக்காகவும் ஒரு அர்ச்சனை."

அப்போது நான் செய்ததை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பானெட்டின் சூடு இன்னும் என் கையில் இருந்தது. அந்தக் கையைக் கற்பூரத் தட்டில் வைத்து எடுத்ததுபோல் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

ஆமாம். அம்பாங்கில் தேநீருக்கு மயங்கினேன், இங்கே தீபாராதனைக்கு. அத்தனை வருடம் 'நாளைக்கு வரேன்' என்று சொல்லிப் பழகிய வாய் அன்று திறக்கவில்லை. ஒரு மனிதர் என் மகளுக்காகவும் அர்ச்சனை செய்துவிட்டு வந்து நிற்கிறார். அவரிடம் போய், நீங்கள் கோயிலுக்குப் போனதால் என்னால் பார்க்க முடியாது என்று எப்படிச் சொல்வது?

வீணா என் காதருகே வந்தாள். "அம்மா, டேப்லட் இல்லாமலா பாக்கப் போறீங்க?"

"டேப்லட்டெல்லாம் ஆபீஸ்ல திருப்பிக் குடுத்தாச்சு. ஒனக்கு எதுக்கு டேப்லட்? நான் இருக்கேன்ல?"

பார்த்தேன். பானெட்டைத் திறந்தேன். எண்ணெய்க் குச்சியை உருவினேன். எண்ணெய் புதிது, கொஞ்சம் கெட்டி. "வயசான இன்ஜினுக்குக் கெட்டி எண்ணெய் நல்லமெண்டு மெக்கானிக் சொன்னவன், போன கிழமைதான் மாத்தினது" என்றார் பெரியவர். ஒளிக்காமல் சொன்னார். கெட்டி எண்ணெய் தேய்மானத்தின் வாயைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். இன்ஜினை ஓட விட்டேன். பூனை தூங்கியது. ஓட்டிப் பார்த்தேன். திரும்பி வரும்போது என் கணவர் கேட்டுக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எட்டே முக்கால் ஆச்சு. என்ன சொல்ற?"

"அவசரப்படுத்தாதீங்க."

"நான் எங்க அவசரப்படுத்துறேன்? ராகுதான் அவசரப்படுத்துது."

வீணா என்னைப் பார்த்தாள். பெரியவர் பார்த்தார். அவர் மனைவி சாவியை ஒரு வெற்றிலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஓகே லா" என்றேன்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குச் சாவி கை மாறியது. ராகுவை எட்டு நிமிடத்தில் முந்திவிட்டோம் என்று என் கணவருக்கு அன்று முழுவதும் சந்தோஷம்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே கால். வீணா வேலை முடிந்து கிளம்பும் நேரம். வண்டி ஓட்டுகிறவரிடம் போனில் பேசக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். நானேதான் தினமும் அந்த நேரத்துக்கு அழைப்பேன். கையில் போன் இல்லை, கார் ஸ்பீக்கரில்தானே பேசுகிறாள் என்று எனக்கு நானே ஒரு காரணம் எழுதிக்கொள்வேன். காரணம் எழுதுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"எங்க இருக்க?"

"ஹைவேல. லேசா மழை. அம்மா, ராத்திரிக்கு என்ன சமையல்?"

அவள் குரலுக்குப் பின்னால் வேறு ஏதோ கேட்டது. டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல. கடகட, கடகட. அது என்ன என்று என் காதுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய ஒரு விநாடி ஆனது. அதற்குள் சத்தம் நின்றது. மழையும் டயர் சத்தமும் மட்டும் கேட்டன.

"அம்மா, கார் போச்சு. அம்மா, லைட்டெல்லாம் எரியுது. ஸ்டீயரிங் திரும்ப மாட்டேங்குது."

பின்னால் ஒரு லோரியின் ஹாரன் நீளமாக.

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே அந்தக் காலண்டர். எனக்கு வந்த குரல் என்னுடையதே இல்லை. அலுவலகத்தில் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பேசும் குரல்.

"ஹசார்ட் லைட் போடு. சாவியத் தொடாத, அப்படியே இருக்கட்டும். எந்த லேன்?"

"நடு லேன்."

"ஸ்டீயரிங் லாக் ஆகல, கனமா இருக்கு, அவ்வளவுதான். ரெண்டு கையாலயும் இழு, திரும்பும். கண்ணாடியில பாரு. இடது பக்கம் விடுறானா?"

"லோரி… லோரிக்காரன் பின்னாலயே வர்றான். அவனும் ஹசார்ட் போட்டிருக்கான்."

"நல்லவன். அவன் ஒனக்கு மறைச்சுக் குடுக்குறான். இப்ப இடது பக்கம் போ. மெதுவா. பிரேக்க மட்டும் விட்டு விட்டு மிதிக்காத. ஓரத்துக்குப் போனப்புறம் ஒரே மிதி, விடாம அழுத்து."

டயர் கல்லில் உரசும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் வீணாவின் மூச்சு.

"நின்னுருச்சும்மா."

"எறங்கு. இடது பக்கக் கதவால எறங்கு. தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. மழைல நனைஞ்சாப் பரவால்ல."

அவள் இறங்கியது கேட்டது. லோரிக்காரர் மலாயில் ஏதோ கேட்டது, இவள் "ஓகே, ஓகே, தெரிமா காசே" என்று நன்றி சொன்னது எல்லாம் கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் வந்து போனைக் கையிலிருந்து எடுக்கப் பார்த்தார். விரல்கள் விடவில்லை.

லோரி அண்ணனை நான்தான் அனுப்பினேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் காரை ஏற்றி முடித்திருந்தார். வீணா அவருடைய லோரியின் முன் இருக்கையில் அவருடைய துண்டைப் போர்த்திக்கொண்டு மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே வாயைத் திறந்தார், "டாக்டரம்மா, ஒங்க…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் ஒரு கேலியைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குனிந்து காரைக் கட்டியிருந்த சங்கிலியை இழுத்துச் சரிபார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"காலையில எந்திரிச்சப்பப் பாத்தீங்களா?"

"கோயிலுக்குப் போய்ட்டு வந்துச்சுண்ணே."

அவர் சங்கிலியை விட்டு நிமிர்ந்தார். "சாமி கும்பிட்ட சூடா இருந்தாலும் சூடு சூடுதான் லா, அம்மா."

டாக்டர் என்பதை விட்டுவிட்டார். வெறும் அம்மா. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

காரைப் பிரித்துப் பார்த்ததில் எதிர்பார்த்ததுதான். எண்ணெயைக் குடித்துத் தீர்த்திருந்தது. தேய்ந்த செயின் பல் தாண்டித் தாவி இன்ஜினை நிறுத்திவிட்டது. ஒரு காலை, ஒரே ஒரு காலை, இரண்டு விநாடி கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

செய்தி எப்படியோ பெரியவருக்குப் போய்விட்டது. அவர் அழைத்தபோது குரல் உடைந்திருந்தது. "பிள்ளை, நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. கோயில் வாசலில நிண்டு சொல்லுறன்."

"எனக்குத் தெரியும் ஐயா. நீங்க ஒளிக்கல. நான்தான் பாக்கல."

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அன்றுதான் வாய் வந்தது. மூன்று வாரத்துக்கு முன் அவர் போர்ச்சில், "ஐயா, ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க, நான் நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? இன்னும் இரண்டு வடை வைத்திருப்பார். அவ்வளவுதான். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவே தெரியாதவர். நானாக அவர் மனம் புண்படும் என்று நினைத்து, அவருக்காக மரியாதையாக நடந்து, என் பிள்ளையை அந்த நடு லேனில் கொண்டுபோய் விட்டேன். புதிதாக வந்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்ற நினைப்பவர் முன்னால் உங்கள் கை தானாகப் பானெட்டுக்குப் போகும். நல்லவர் முன்னால்தான் அதை நீங்கள் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

வீணா மறுபடி ரயிலுக்குப் போனாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ரயிலை நான் சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"அம்மா, கிள்ளான்ல ஒரு கார் பாத்திருக்கேன். ஒங்க பழைய ஆபீஸ்ல புக் பண்ணிட்டேன். சனிக்கெழம எட்டு மணி. ஷர்மினி வர்றாங்க."

"நான்?"

"நீங்க வீட்ல இருக்கீங்க."

"ஒம்போது மணிக்கு…" என்று ஆரம்பித்த என் கணவரை அவள் பார்த்த பார்வையில் ராகுவே ஓடியிருப்பார்.

நான் வீட்டில் இருப்பதாகத்தான் சத்தியம் செய்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பினேன். பாசாருக்குப் போகும் வழியில் அந்த வீடு இருந்தது என்று சொல்ல முடியாது. எதிர்த் திசையில் இருந்தது. ஒரு ஆன்டி போர்ச்சைக் கூட்டிக்கொண்டிருந்தார். நீலக் கார். காரை வாங்கப்போகும் பெண்ணின் அம்மா என்று அவரிடம் சொன்னேன். பானெட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அத்தோடு திரும்பியிருக்கலாம்.

"ஆன்டி, ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறீங்களா?"

பண்ணினார். கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது என்று பட்டது. நன்றாக இருந்ததா, நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்ததா? சந்தேகம் வந்தது. "கொஞ்சம் ஓடட்டும் ஆன்டி." ஏர்கான் போட்டுப் பார்த்தேன். அணைத்துப் பார்த்தேன். மறுபடி போட்டேன். கால் மணி நேரம் ஓடியிருக்கும். எட்டு மணிக்கு வீணாவும் ஷர்மினியும் ஒன்றாக வந்து இறங்கியபோது நான் பக்கத்து வீட்டு மாமரத்தில் எத்தனை காய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஷர்மினி என்னைப் பார்த்தாள். வணக்கம் சொல்லவில்லை. ஆன்டியையும் கடந்து நேராகக் காரிடம் போனாள். புறங்கையை வைத்தாள்.

"யாரு ஸ்டார்ட் பண்ணது?"

ஆன்டி துடைப்பத்தை என் பக்கம் நீட்டினார்.

"அம்மா!" என்றாள் வீணா.

"கொஞ்ச நேரம்தான் ஓட விட்டேன்" என்றேன். "ஷர்மினி, நான் நல்லாக் கேட்டேன்மா. கோல்ட் ஸ்டார்ட்லயே கேட்டேன். சத்தமே இல்ல. நீ மத்ததப் பாத்துட்டு முடிச்சுரு."

ஷர்மினி டேப்லட்டை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. அவளுக்கு வயது இருபத்தாறு. நான் இந்த வேலைக்கு வரும்போது அவள் நடை பழகிக்கொண்டிருந்திருப்பாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க கேட்டீங்க. ஆனா அம்மாவாக் கேட்டீங்க." ஆன்டி பக்கம் திரும்பினாள். "நான் நாளைக்கு வரேன். ஆன்டி, தொடாதீங்க. இந்த அக்காவையும் தொட விடாதீங்க."

"நான் வேணும்னா கேட்டப் பூட்டிர்றேன்" என்றார் ஆன்டி, மிகுந்த ஆர்வத்துடன்.

பிறகு ஷர்மினி டேப்லட்டை எடுத்து அந்த முதல் கட்டத்தை மட்டும் நிரப்பினாள். என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். 'இன்ஜின்: சூடு. காரணம்: வாங்குபவரின் அம்மா.' அது இன்னும் நம் கோப்பில் இருக்கிறதாம். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மறுநாள் காலை நான் வீட்டில் இருந்தேன். உண்மையாகவே இருந்தேன். என் கணவர் காலண்டரைக் கிழிக்காமல் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். எட்டு மணி ஆனது. எட்டு மூன்று. போன் அடித்தது. வீணாவின் எண். அந்த வியாழக்கிழமையிலிருந்து இந்த எண் அடித்தால் எனக்கு முதலில் வருவது மழைச் சத்தம்தான். எடுத்தேன்.

"அக்கா, நான்தான்" என்றாள் ஷர்மினி. "வீணா சொன்னாங்க, நீங்க அங்க உக்காந்து செத்துக்கிட்டிருப்பீங்கன்னு. இந்தப் போனப் பானெட் பக்கத்துல வைக்கிறேன். வாயத் தொறக்காமக் கேளுங்க."

ஒரு சொடுக்கு. மோட்டார் சுழலும் சத்தம். பிறகு மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கே உரிய அந்தச் சின்ன உதறல், குளிரில் எழுந்த பிள்ளை போல. ஒன்று. இரண்டு. மூன்று. ஆணி இல்லை, டப்பா இல்லை. உதறல் அடங்கி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கன்னம் நனைந்ததைப் பற்றி என் கணவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

"கேட்டுச்சா அக்கா?"

"ஓகே லா" என்றேன்.

"அத நான்தான் சொல்லணும்" என்று ஷர்மினி போனை வைத்துவிட்டாள். அதைச் சொல்ல அவள் இன்னும் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள்.